கத்தோலிக்கப் பாடசாலைகளின் கூட்டாட்சி

கட்டுமரம் என்னும் சொல்லை உலகத்து மொழிகளுக்கு ஈந்தது நம் தமிழ்க் கடற்கரை. தனித்தனி மரங்களைக் கயிற்றாற் பிணித்துக் கடலிற் செலுத்துதலும், கரை சேர்ந்தபின் அக்கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துதலும் நெய்தல் நில மக்களின் தொன்றுதொட்ட வழக்கம். பிணித்த போது அஃது ஒரு கலம். அவிழ்த்த போது ஒவ்வொன்றும் தனி மரம். அதே கரையில் முன்னாளில் மசூலாப் படகு என்று வேறொரு கலமும் இருந்தது. அதன் பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டவை. தைத்தபின் அவை பிரிவதில்லை. பல பொருள்கள் ஒன்றாகும் வகை இவ்விரண்டென்பதை மனத்திற் கொண்டு, ஈண்டு ஒரு கல்விப் பிரச்சினையை ஆராயப் புகுகின்றோம்.

இராயபுரம் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஈறாக நீளும் வடசென்னைக் கரையில் கத்தோலிக்கப் பாடசாலைகள் பல உள. அவற்றுட் சில மேற்றிராசனத்துக்கு உரியன. சில கன்னியர் மடங்களால் நடத்தப்படுவன. சில துறவறச் சகோதரர், குருமார் சபைகளின் பொறுப்பில் உள்ளன. சிலவற்றுக்குச் சர்க்கார் உதவித்தொகை உண்டு. சில மாணாக்கர் தரும் சம்பளத்தாலேயே நடைபெறுகின்றன. வேதம் ஒன்று, நோக்கம் ஒன்று. ஆயினும் நிர்வாகம் பல. இவை ஒன்றுகூடித் தம்மைத் தாமே ஆளும் ஒரு கல்விக் கழகமாக அமைதல் தகுமா? அமையின் வரும் நன்மை யாது, கேடு யாது? இங்கிலாந்தில் 2010 முதல் இவ்வினா ஏட்டளவில் நில்லாது செயலுக்கு வந்துவிட்டது. நம் நாட்டிலும் ஒருவகைக் கூட்டு நிர்வாகம் நெடுநாளாய் நிலவி வருகின்றது. இரண்டையும் ஒப்புநோக்கினாலன்றி முடிவு கூறுதல் இயலாது.

இடமும் மக்களும்

இராயபுரம் என்னும் பெயரே அர்ச். இராயப்பரின் பெயரால் வந்தது என்பர். அங்கே அவர் பெயரால் விளங்கும் கோயில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கப்பலுக்கும் கரைக்குமிடையே படகோட்டிப் பிழைத்த கிறிஸ்தவர்கள் தங்கள் உழைப்பிலிருந்து ஒதுக்கிய மகமைப் பணத்தால் எழுந்தது. செல்வர் ஒருவரின் கொடையன்று. அலையோடு போராடியோர் காசு காசாகச் சேர்த்த பொருள். இவ்வுண்மையை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். கோயிலாயினும் பாடசாலையாயினும் அதன் சொந்தக்காரர் யாவர் என்னும் வினா எழும்போது, பத்திரத்திற் பெயர் எழுதப்பட்டோர் மட்டுமே சொந்தக்காரர் என்று கூறி அமைதல் இக்கரையிற் பொருந்தாது.

1856-இல் தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. துறைமுகம் அமைந்தபின் படகோட்டிகள் கூலித் தொழிலாளராயினர். அப்பால், திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. 1948-இல் தோன்றிய அசோக் நிறுவனத்தின் மோட்டார் தொழிற்சாலை எண்ணூரிலும், 1955-இல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை திருவொற்றியூரிலும் நிலைபெற்றன. தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றன் பெயரை இன்று விம்கோ நகர் மெட்ரோ இரயில் நிலையம் தாங்கி நிற்கின்றது. எண்ணூர்க் காமராசர் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. தொழில் வரும் இடத்துக்குக் குடும்பங்கள் வருகின்றன; தொழில் போனால் குடும்பங்களும் போகின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், கரையோரக் குடும்பங்கள் பல எர்ணாவூரில் கட்டப்பட்ட குடியிருப்புக்களுக்குப் பெயர்ந்தன. 2023 டிசம்பரில் புயலை அடுத்து எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர் தொழில் முடங்கியதும் நாம் அறிந்ததே.

இத்தகைய இடத்திற் பாடசாலை நடத்துவோர்க்கு ஒரு தனித் துன்பம் உண்டு. பிள்ளைகள் தொகை ஆண்டுதோறும் ஒருபடித்தாய் நில்லாது. ஒரு பாடசாலையில் வகுப்பறை காலியாகும்; நான்கு மைலுக்கு அப்பால் மற்றொன்றில் இருக்க இடமின்றிப் பிள்ளைகள் நெருங்குவர். இரண்டும் ஒரே திருச்சபைக்கு உரியனவாயினும், நிர்வாகம் வேறாதலின், காலியான வகுப்பின் உபாத்தியாயரை நெருக்கடியான வகுப்புக்கு அனுப்ப வழியில்லை. கூட்டாட்சியைப் பற்றிய சிந்தனை பிறப்பது இந்த இடத்திலேதான்.

சட்டம் தரும் உரிமை

1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை, தனியார் பாடசாலைகளுக்குச் சர்க்கார் உதவித்தொகை அளிக்கும் முறையை இந்நாட்டில் ஏற்படுத்தியது. அதன் நிழலிலே மிஷன் பாடசாலைகள் தழைத்தன. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம், 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது, மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினராய் உள்ளோர் தாம் விரும்பும் கல்வி ஸ்தாபனங்களை நிறுவி நிர்வகிக்க உரிமையுடையர் என்று 30-ஆம் ஷரத்திற் கூறியது.

அவ்வுரிமையின் எல்லை யாது என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு படிப்படியாக வகுத்தது. கேரள கல்வி மசோதாவைப் பற்றி 1958-இல் அது கூறிய அபிப்பிராயத்தின் சாரம், நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாய் நிர்வகிக்கும் உரிமையாகாது என்பது. 1974-இல் ஆமதாபாத் செயிண்ட் சேவியர்ஸ் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும், 2002-இல் டி. எம். ஏ. பை வழக்கில் பதினொரு நீதிபதிகளும் இவ்வுரிமையை ஆராய்ந்தனர். 2014-இல் ஐந்து நீதிபதிகள், 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மையோர் பாடசாலைகளைக் கட்டுப்படுத்தாது என்றனர். 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பிற் சந்தேகங் கொண்டு, அதனைப் பெரிய அமர்வின் ஆராய்ச்சிக்கு விடுத்தனர். ஆகவே உரிமை உண்டு. ஆனால் அதன் எல்லைக்கல் இன்னும் நகர்ந்துகொண்டேயிருக்கின்றது. நம் மாகாணத்தில் 1973-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குச் சட்டமும், அதற்கு மாற்றாக 2018-இல் இயற்றப்பெற்று 2023-இல் நடைமுறைக்கு வந்த சட்டமும், நிர்வாகத்தின் அன்றாடக் கடமைகளை வகுத்துள்ளன.

திருச்சபையின் சட்டமும் இதற்கு ஏற்ப உள்ளது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுதி, தம் எல்லைக்குட்பட்ட கத்தோலிக்கப் பாடசாலைகளை மேற்பார்வையிடும் உரிமையை மேற்றிராணியார்க்குத் தருகின்றது. துறவற சபைகளின் பாடசாலைகளும் இதனுள் அடங்கும். ஆயினும் உள்நிர்வாகத்தில் அச்சபைகளின் சுயாட்சி காக்கப்படும் என்று அதே விதி உடனே கூறுகின்றது. எனவே மேற்றிராணியார் கட்டளையிட்ட மாத்திரத்தில் எல்லாப் பாடசாலைகளும் ஒன்றாகிவிடா. ஒவ்வொரு சபையும் தன் மனம் ஒப்பி வருதல் வேண்டும்.

இங்கிலாந்தின் முறை

இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் கத்தோலிக்கப் பாடசாலைகளை உதவி பெறும் பாடசாலைகளாக ஏற்றது. சம்பளமும் நடைமுறைச் செலவும் அரசாங்கத்தைச் சாரும். கட்டடச் செலவில் தொடக்கத்திற் பாதியையும், பிற்காலத்திற் பத்தில் ஒரு பங்கையும் கத்தோலிக்க மக்கள் ஏற்றனர். ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனி ஆட்சிக் குழு உண்டு. அதிற் பெரும்பான்மையோரை மேற்றிராணியார் நியமிப்பார். இம்முறை ஏறக்குறைய அறுபதாண்டுகள் மாறாது நின்றது.

2002-இல் அகாடமி என்னும் புதுவகைப் பாடசாலைகள் தோன்றின. 2010-ஆம் ஆண்டின் சட்டம், முன்னரே நடைபெற்று வரும் எப்பாடசாலையும் அகாடமியாக மாறலாம் என்று வாயிலைத் திறந்தது. அகாடமியாவது யாதெனின், உள்ளூர்க் கல்விச் சபையின் ஆளுகையிலிருந்து விலகி, மத்திய அரசாங்கத்தோடு நேரே ஒப்பந்தஞ் செய்துகொண்டு, பணத்தை மொத்தமாய்ப் பெற்றுத் தானே செலவிடும் தர்ம ஸ்தாபனம். பாடசாலைகள் பல ஒரே ஸ்தாபனத்தின்கீழ் வருதலும் உண்டு. அப்போது ஸ்தாபனத்துக்கு ஒரே பரிபாலன சபை; ஒவ்வொரு பாடசாலைக்கும் உள்ள உள்ளூர்க் குழு, அச்சபை எழுத்துமூலம் விட்டுக்கொடுத்த அதிகாரத்தை மட்டும் உடையது.

கத்தோலிக்க மேற்றிராசனங்கள் பல இம்முறையைத் தழுவித் தத்தம் எல்லையிலுள்ள பாடசாலைகளைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்துள்ளன. பரிபாலன சபையிற் பெரும்பான்மையோரை நியமிக்கும் உரிமையை மேற்றிராணியார் தம்மிடமே வைத்துக்கொள்கின்றார். நிலம் ஸ்தாபனத்துக்குப் போவதில்லை. மேற்றிராசனத்தின் தர்மகர்த்தர்களிடமோ துறவற சபையிடமோ இருந்து வருகின்றது. இது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு.

பிறிதொன்றும் குறித்துக்கொள்க. தொகுதியிற் சேர்ந்த பாடசாலை தன் தனிச் சட்ட உருவை இழக்கின்றது. பிற்காலத்தில் மனம் மாறினும் தானாகவே விலகுதல் அதனால் இயலாது. ஒரு பாடசாலை மிச்சம் பிடித்த பணத்தையும் பரிபாலன சபை பொதுவிற் சேர்த்துப் பங்கிடலாம். இது தைத்த படகு, கட்டுமரம் அன்று. பெற்றோர் சிலர் அங்கே இதனை எதிர்த்து நிற்பதற்கு இதுவே முதற்காரணம்.

நம் நாட்டு முறை

ஒன்றுகூடுதல் நமக்குப் புதிதன்று. 1877-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அப்பெயர் பெற்றபோது, அது ஒரே மிஷனின் உடைமையாய் இராது, பல மிஷன் சங்கங்களின் பொதுப் பொறுப்பாக அமைந்தது. வில்லியம் மில்லர் என்பாரின் தளரா முயற்சி அதனை நிலைநிறுத்தியது. 1915-இல் தோன்றிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, கடல் கடந்த நாடுகளின் பன்னிரண்டு மிஷன் சங்கங்கள் கூடி நிறுவியது. தனித்தனியே நடத்தப் பொருள் போதாதென்பதை அவர்கள் வெட்கமின்றி ஒப்புக்கொண்டார்கள், அவ்வொப்புதலே பலமாயிற்று.

கத்தோலிக்கருள்ளும் இதற்கு முன்மாதிரி உண்டு. சென்னை நகரில் நெடுங்காலம் இரு கத்தோலிக்க ஆளுகைகள் இருந்தன: 1606-இல் ஏற்பட்டுப் போர்ச்சுகல் மன்னரின் சலுகைக்குட்பட்ட மயிலாப்பூர் மேற்றிராசனம் ஒன்று, ரோமாபுரியின் வேதப்பரம்புதல் சபையைச் சார்ந்த சென்னை மேற்றிராசனம் மற்றொன்று. ஒரே நகரில் இரு ஆயர், இரு நிர்வாகம், இடையிடையே மனத்தாங்கல். 1952-இல் இரண்டும் சென்னை-மயிலாப்பூர் அதிமேற்றிராசனமாக இணைக்கப்பட்டன. லூயி மத்தியாஸ் ஆண்டகை அதன் முதல் அதிமேற்றிராணியார் ஆயினார். முன்பு ஒன்றையொன்று அயலாய் நோக்கிய பாடசாலைகளும் ஒரே குடையின்கீழ் வந்தன.

இன்று நம் மாகாணத்தில் ஒரே கல்வி நிர்வாகம் பல பாடசாலைகளை நடத்துமாயின் அதனைக் கூட்டு நிர்வாகம் என்கின்றனர். மேற்றிராசனப் பாடசாலைகள் பெரும்பாலும் இவ்வகையின. உபாத்தியாயரை ஒரு பாடசாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் உரிமை அந்நிர்வாகத்துக்கு உண்டு. துறவற சபைகளும் தத்தம் பாடசாலைகளைத் தனித்தனிக் கூட்டாக நடத்துகின்றன. ஆகவே நம் முன் நிற்கும் வினா, கூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதன்று. இருக்கும் சிறு கூட்டுக்கள் ஒரு பெருங் கூட்டாகலாமா என்பதே.

இங்கிலாந்துக்கும் நமக்கும் உள்ள பெரு வேற்றுமையை ஈண்டு விளக்குதல் அவசியம். அங்கே அரசாங்கப் பணம் ஸ்தாபனத்தின் கைக்கு மொத்தமாய் வருகின்றது. நம் உதவி பெறும் பாடசாலைகளிலோ உபாத்தியாயரின் சம்பளம் சர்க்காரிடமிருந்து அவரவர்க்கே செல்கின்றது. நிர்வாகத்தின் கையில் நில்லாது. எத்தனை உபாத்தியாயர் என்பதையும் பிள்ளைகளின் தொகைகொண்டு கல்வி இலாகாவே வரையறுக்கின்றது. எனவே அங்கே கூடுவது பணம். இங்கே கூடுவது ஆள். இவ்வேற்றுமையை உணராது அங்குள்ள திட்டத்தை இங்கு அப்படியே கொணர முயலுதல், அளவெடாது தைத்த அங்கியை அணிதலை ஒக்கும்.

சுயாட்சி என்னுஞ் சொல்லுக்கும் நம் நாட்டில் ஒரு பொருள் ஏற்பட்டிருக்கின்றது. 1978-இல் சென்னை, மதுரை சர்வகலாசாலைகளைச் சார்ந்த சில கல்லூரிகள் தன்னாட்சிக் கல்லூரிகளாயின. இலயோலாக் கல்லூரியும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் அவற்றுள் அடங்கும். பாடத்திட்டம் வகுத்தலும் பரீட்சை நடத்துதலும் கல்லூரியின் பொறுப்பாயின. பட்டம் அளித்தல் மட்டும் சர்வகலாசாலைக்கே உரியதாய் நின்றது. சுயாட்சியாவது மேலதிகாரம் முற்றும் நீங்குதலன்று, எதனை யார் தீர்மானிப்பது என்பதைத் தெளிவாய்ப் பிரித்தலே என்பதற்கு இது நல்ல சான்று.

நன்மைகள்

முதலாவது, உபாத்தியாயர் பங்கீடு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையை ஓர் அளவுகோலாகக் கொள்வோம். ஐந்தாம் வகுப்பு ஈறான பாடசாலையில் 61 முதல் 90 பிள்ளைகள் வரை இருந்தால் மூன்று உபாத்தியாயர். 121-க்கு மேலானால் ஐவர். கடற்கரைப் பாடசாலை ஒன்றில் முன்பு 130 பிள்ளைகளும் ஐந்து உபாத்தியாயரும் இருந்தனர் என்று கொள்வோம். குடும்பங்கள் பெயர்ந்து 70 பிள்ளைகளே எஞ்சினால் இருவர் உபரியாவர். அதே வேளையில் எர்ணாவூர்ப் பக்கத்தில் வேறொரு சபையின் பாடசாலையிற் பிள்ளைகள் 130 ஆகி, நால்வரே கற்பிப்பாராயின் அங்கே ஒருவர் குறைவு. நிர்வாகம் ஒன்றானால் உபரியான ஒருவர் அங்கே சென்று கற்பிக்கலாம். இருவேறு நிர்வாகமாயின் ஓரிடத்தில் கை சும்மா இருக்கும். மற்றோரிடத்தில் வகுப்பு உபாத்தியாயரின்றி இருக்கும்.

இரண்டாவது, சிறிய பாடசாலை தனித்துத் தாங்க இயலாத பொறுப்புக்கள். கணக்குத் தணிக்கை, கட்டட உறுதிச் சான்று, தீத்தடுப்பு, வழக்குக்களில் வாதாடுதல், கல்வி இலாகாவின் ஓயாத படிவங்கள் ஆகிய யாவும் இன்று ஒரு தலைமை உபாத்தியாயினியின் தலைமேல் விழுகின்றன. அவர் பாடஞ் சொல்லும் நேரம் போய் எழுத்துவேலை செய்யும் நேரமே மிகுகின்றது. பொது அலுவலகம் ஒன்று இவற்றை ஏற்குமாயின் உபாத்தியாயினி வகுப்புக்குத் திரும்புவார்.

மூன்றாவது, மேல் வகுப்புக்களில் விசேஷப் பாடங்கள். ஒவ்வொரு மேனிலைப் பாடசாலையும் பௌதிகம், கணக்கியல், தொழிற்கல்வி முதலிய எல்லாவற்றையும் தனித்தனியே நடத்த முயன்று இளைத்துப் போதலைவிட, ஒன்றிலொன்று சிறந்து, மாணாக்கரைப் பங்கிட்டுக்கொள்ளுதல் நன்று. துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இக்கரையில் இயந்திரத் தொழிற்கல்விக்கு ஒரு நல்ல கூடம் பொதுவில் அமையுமாயின் அதன் பயன் சொல்லுந்தரத்ததன்று.

நான்காவது, சர்க்காரோடு பேசும் குரல். 2025 ஆகஸ்டு 26-ஆம் நாள் நகர்ப்புற உதவி பெறும் தொடக்கப் பாடசாலைகளுக்கும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. அதன் தொடக்கவிழா நடந்ததும் மயிலாப்பூரிலுள்ள புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியிலேயே. உதவி பெறும் பாடசாலையின் ஏழைப் பிள்ளையும் சர்க்கார் பாடசாலையின் ஏழைப் பிள்ளையும் ஒன்றே என்னும் நியாயம் ஏற்கப்பட்டமைக்கு இது சான்று. இத்தகைய நியாயங்களைத் தனித்தனியே முறையிடுதலினும் ஒருமுகமாய் எடுத்துரைத்தல் வலிமையுடைத்து.

தீமைகள்

கூட்டில் நன்மையே உண்டு, தீமையில்லை என்போர் கரையிலிருந்து கடலை அளப்போர். உபரியைப் பற்றிய கணக்கே இருபுறமும் கூர்மையுடைய கத்தி. பல பாடசாலைகள் ஒரே நிர்வாகமாகக் கருதப்படுமாயின், ஒன்றில் உபரி இருக்கும்வரை மற்றொன்றில் புதிய நியமனத்துக்கு இசைவு மறுக்கப்படலாம். இதுபற்றி நம் மாகாண நியாயஸ்தலங்களில் வழக்குக்கள் பல நடந்துள்ளன. தமிழ் உபாத்தியாயர் உபரி என்னும் காரணத்தால் கணித உபாத்தியாயர் நியமனம் தடைப்படுமாயின் கூட்டு என்னாகும்? கூடு பெருகப் பெருக இச்சிக்கலும் பெருகும்.

அடுத்தது, சிறு பாடசாலைகளின் உயிர். 1991-92 ஆம் கல்வியாண்டுக்குப் பின் தோன்றும் பாடசாலைகளுக்குச் சர்க்கார் உதவித்தொகை இல்லை என்பது நம் மாகாணத்தின் கொள்கை. எனவே உதவி பெறும் பழம் பாடசாலை ஒன்று மூடப்படுமாயின் அதன் இடத்தில் இன்னொன்று தோன்றுதல் அரிது. தனி நிர்வாகமாயிருந்தால், எத்தனை நலிவுற்றாலும் அதனைக் காப்பதே அந்நிர்வாகத்தின் முழு வேலை. பெருங் கூட்டில் அது பட்டியலில் ஒரு வரி. தூரத்து அறையில் அமர்ந்து பட்டியலைப் பார்ப்போர்க்கு, 40 பிள்ளைகள் உள்ள பாடசாலையை மூடி அடுத்ததோடு சேர்த்தல் எளிதாகத் தோன்றும். வடசென்னையில் நிலத்தின் விலை ஏறியிருக்கும் இக்காலத்தில் அந்நினைவுக்கு வேறு தூண்டுதலும் உண்டு. அந்த 40 பிள்ளைகளோ, லாரிகள் இடைவிடாது செல்லும் எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடந்து அடுத்த பாடசாலைக்கு நடத்தல் வேண்டும். அவருட் பலர் கத்தோலிக்கர் அல்லர். கட்டணமின்றிக் கற்க வேறிடம் இன்மையால் வந்தவர்.

மூன்றாவது, துறவற சபைகளின் தனித்தன்மை. ஒரு கன்னியர் சபை பெண்கல்விக்கென்றே தோன்றியிருக்கும். மற்றொரு சபை தெருவிற் திரியும் சிறுவர்க்குத் தொழில் கற்பிக்கத் தோன்றியிருக்கும். யாவற்றையும் ஒரே சட்டத்திற் போட்டு வார்த்தால், அவ்வச்சபையின் ஸ்தாபகர் ஏற்றிவைத்த விளக்கு மங்கும்.

நான்காவது, ஒரே இடத்திற் குவிந்த பொருளுக்கு நேரும் அபாயம். இலங்கையில் 1960, 1961-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பல பாடசாலைகளுட் புகுந்து வாரக்கணக்காய்க் காத்து நின்றனர். இறுதியிற் பம்பாய்க் கர்தினால் கிராசியஸ் ஆண்டகை சென்று அமைதி தேடினார். யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரி போன்ற சில, உதவித்தொகையையும் கட்டணத்தையும் துறந்து தனித்து நின்றன. அவற்றைத் தாங்கியது அங்குள்ள பழைய மாணாக்கரும் பெற்றோரும் தம் பாடசாலைமீது வைத்த பற்றே. அப்பற்று தனிப் பாடசாலைமீது பிறப்பது. பெருங் கூட்டின் அலுவலகத்தின்மீது எவர்க்கும் பிறவாது.

வேண்டிய நிபந்தனைகள்

1931-இல் பதினொராம் பத்திநாதர் பாப்பரசர் வெளியிட்ட நிருபத்தில் ஒரு நெறி உண்டு. சிறிய சமூகம் தானே செய்யத்தக்கதைப் பெரிய சமூகம் பறித்துக்கொள்ளுதல் நீதிக்கு மாறு. சிறியது இயலாது தவிக்குமிடத்துப் பெரியது துணைசெய்தல் கடமை என்பது அதன் கருத்து. தொழிலாளர் உலகைக் குறித்துத் தோன்றிய இந்நெறி, தொழிலாளர் பிள்ளைகளின் பாடசாலைக்கும் பொருந்தும். அதனை அடியாகக் கொண்டு ஐந்து நிபந்தனைகளைக் கூறத் துணிகின்றோம்.

ஒன்று: நிலமும் கட்டடமும் இன்று யாரிடம் உள்ளனவோ அவரிடமே இருத்தல் வேண்டும்; கூட்டுக்கு நிர்வாகம் மட்டும் உரியது. இவ்விஷயத்தில் இங்கிலாந்தின் ஏற்பாட்டைப் பின்பற்றலாம். சிறுபான்மைப் பாடசாலை என்னும் தகுதியும், உதவித்தொகையும் இடையறாது தொடர்தற்கும் இதுவே பத்திரமான வழி.

இரண்டு: எதனைப் பாடசாலை தீர்மானிக்கும், எதனைக் கூட்டு தீர்மானிக்கும் என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும். பிள்ளைகளைச் சேர்த்தல், கால அட்டவணை, ஞானோபதேசமும் நல்லொழுக்கப் பாடமும், பெற்றோரோடு உறவு ஆகியன பாடசாலைக்கு. கணக்கு, வழக்கு, கட்டடப் பழுது, உபாத்தியாயர் பயிற்சி ஆகியன கூட்டுக்கு.

மூன்று: உபாத்தியாயர் மாற்றத்துக்கு ஓர் எல்லை வேண்டும். இராயபுரத்தார் எண்ணூர் வரை செல்லலாம். அதற்கப்பால் அவர் ஒப்புதலின்றி மாற்றலாகாது. திருவொற்றியூர் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டமையால் இக்கரை முழுதும் இப்போது ஒரே மாவட்டத்துள் அடங்கிவிட்டது. இவ்வெல்லை இயற்கையாகவே பொருந்துகின்றது.

நான்கு: எப்பாடசாலையையும் மூடுமுன், அதன் பெற்றோர், உபாத்தியாயர், பழைய மாணாக்கர் கூடிய சபையில் காரணங்களையும் கணக்கையும் வெளிப்படையாய் வைத்து, ஓராண்டு அவகாசம் தருதல் வேண்டும். மகமை கொடுத்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு இவ்வளவு கேட்க உரிமை உண்டு.

ஐந்து: ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு சபையும், விரும்பினால், விலகிக்கொள்ள வழி இருத்தல் வேண்டும். விலகும் வழி உள்ள கூட்டிலேதான் எவரும் அச்சமின்றிச் சேர்வர்; சேர்ந்தோரும் பிறரை மதித்து நடப்பர். வழி அடைபட்ட கூட்டில் வலியோர் சொல்லே சட்டமாகும்.

இவ்வைந்தும் அமைந்தால், முழு இணைப்பைத் தொடக்கத்திலேயே நாட வேண்டுவதில்லை. தணிக்கை, தீத்தடுப்பு, உபாத்தியாயர் பயிற்சி என்னும் மூன்றை மட்டும் பொதுவிற் செய்து பார்க்கலாம். அது பலித்தபின், மேல்வகுப்புப் பாடங்களைப் பங்கிட்டுக்கொள்ளுதல் முதலியவற்றை ஒவ்வொன்றாய்ச் சேர்க்கலாம். கயிறு புதிதானால் முதலில் கரையோரத்திற் சோதித்துப் பார்த்தபின்னரே ஆழத்துக்குச் செல்வர்.

இச்சஞ்சிகையை வாசிக்கும் மாணாக்கருள், வருங்காலத்தில் உபாத்தியாயராவோர் உளர். நிர்வாகப் பொறுப்பை ஏற்கும் குருமாரும் கன்னியரும் ஆவோரும் உளர். பழைய மாணாக்கரிற் பலர் இக்கரைப் பாடசாலைகளிலே அகரம் பயின்றவர். அவர்கள் அனைவர்க்கும் ஒரு விண்ணப்பம். இவ்வினா உங்கள் பங்கில் எழும்போது, பெரிது நன்று என்போர்க்கும் பழையதே நன்று என்போர்க்கும் உடனே தலையசைக்க வேண்டாம். நலிந்த பாடசாலையின் கடைசி வகுப்பிலுள்ள பிள்ளைக்கு நாளைக் காலை இதனால் உபாத்தியாயர் கிடைப்பாரா என்று மட்டும் கேளுங்கள். கிடைப்பாரெனின் கயிற்றைக் கட்டுங்கள். ஆனால் அவிழ்க்க இயலாதபடி முடிச்சிட வேண்டாம்.